வெயில் காய்ச்சிய சாராயம்

பாலக்காட்டுப் பள்ளியொன்றில் நான் இரசாயனம் நடத்திய நாட்களில், நிலக்கரி தீர்ந்த பிறகு வெயிலிலிருந்தே எரிபொருள் செய்யலாம் என்று ஐரோப்பிய விஞ்ஞானி ஒருவர் சொன்னதாகப் படித்தேன். வெயிலைக் கொண்டு இலை செய்வதைப் பட்டம் வாங்கிய என்னால் செய்ய முடியாதா என்று தோன்றிவிட்டது.

சோளத்தட்டைத் தழையோடு இடித்துச் சாறு பிழிந்து, சோடாத் தண்ணீர் கலந்து, ஏழு பாட்டில்களில் அடைத்து வாசல் வெயிலில் வைத்தேன். நான்காம் நாள் நுரைத்தது. ஆறாம் நாள் ஒரு பாட்டிலின் தக்கை தெறித்து ஓட்டின் மேல் விழுந்தது. மூக்கை வைத்தேன், சாராய வாசனை. சூரியனையே வேலை வாங்கிவிட்டேன் என்று, சென்னையிலிருந்த என் பழைய பேராசிரியருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன்.

திரும்பி வந்தபோது மனைவி அட்டாலிப் பரணிலிருந்து ஒரு பாட்டிலை இறக்கிக்கொண்டிருந்தாள். வடகம் காயவைக்க இடம் போதாமல், நான் பாட்டில்களை வைத்த அன்றே அதை இருட்டில் ஏற்றிவிட்டாளாம். ஏழில் ஒன்று குறைந்ததை நான் கவனிக்கவேயில்லை.

"ஏனுங்க, இது வெயிலையே பாக்கலீங்க. இதுவும் அதே நாத்தந்தானுங்க அடிக்குது."

முகர்ந்து பார்த்தேன். சாறு தானாகப் புளித்திருந்தது; வெயிலுக்கு அதில் பங்கே இல்லை. ஒரு பாட்டிலை இருட்டில் வைத்து ஒப்பிட வேண்டும் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்பவன் நான்.

தபாலாபீசுக்கு ஓடினேன். தபால் பை போய்விட்டிருந்தது. நடந்ததைச் சொல்லி இரண்டாவது கடிதம் எழுதினேன். "சோதனையைச் சரியாகச் செய்த அம்மாளுக்கு என் பாராட்டு" என்று பேராசிரியர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார். மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"அப்ப மிச்சத்தைக் கொட்டிரட்டுங்களா?" என்றாள்.

கொட்டச் சொன்னேன்.