மூடிய தூக்குச்சட்டி

நாய்க்குக் கிராணி என்று பெயர் வைத்தவர் வீரமுத்து. கிராணி என்றால் தோட்டத்தில் கணக்கெழுதுகிறவர். "அதுவும் வேல செய்யாது, நாம செய்யறத ஒக்காந்து பாத்துக்கிட்டே இருக்கும்" என்பது அவர் சொன்ன காரணம். காரணம் தப்பு. லுக்குட் ஊர்ப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் ஒருநாளும் விடுப்பு எடுக்காத ஊழியன் அந்த நாய் ஒன்றுதான்.

அதன் வேலை சாப்பாட்டைக் காப்பது. வீரமுத்து விடிகாலையில் தனக்கு ஒதுக்கிய ரப்பர் மர வரிசையான நிரையில் பாலுக்காக மரம் சீவப் போகும்போது மனைவி மங்கம்மா கட்டித் தந்த தூக்குச்சட்டியை முதல் மரத்தடியில் வைத்து, "பாத்துக்கடா" என்பார். பத்து மணிக்குப் பசியாற அவர் திரும்பும் வரை காக்கையோ குரங்கோ அதை நெருங்க முடியாது. நாயும் தொடாது. அவர் உண்டு முடித்து மூடியில் ஒரு பிடி வைத்து, "தின்னு" என்றால்தான் தின்னும். இதை அவர் கற்றுக்கொடுத்ததாக ஊரில் சொல்வார்கள். தன் மகன் வசந்தனுக்குச் சட்டையை ஆணியில் மாட்டக்கூடக் கற்றுக்கொடுக்க முடியாதவர் அவர்.

வீரமுத்துவுக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. சோற்றைத் தொடமாட்டார், அவ்வளவுதான். மங்கம்மா அதற்குக் கவலைப்பட்டதில்லை. எத்தனை பெரிய சண்டை போட்டுவிட்டுப் போனாலும் தூக்குச்சட்டி காலியாக, கழுவி, வீடு திரும்பிவிடும். பத்து மணிக்குள் மனுஷனுக்குக் கோபம் தீர்ந்துவிடுகிறது என்று அவள் நிம்மதியாக இருந்தாள்.

கடைசிச் சண்டை நாயைப் பற்றியது. வசந்தன் செண்டாயான் டவுனில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டான். அம்மாவும் அப்பாவும் வரலாம். நாய் கூடாது என்பது வீட்டுக்காரர் சட்டம். "நாய் வராத வீட்டுல எனக்கென்ன வேல" என்றார் வீரமுத்து. "அப்ப அந்த நாய்கூடவே கெடந்து சாவுங்க" என்றாள் மங்கம்மா. காப்பியைக் குடிக்காமல் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நாற்பதாண்டு இல்வாழ்க்கையில் அவர் மனைவி சொல் கேட்டு நடந்தது அன்று ஒருநாள்தான். மதியம் பால் நிறுக்கும் இடத்துக்கு வரவில்லை என்று பக்கத்து நிரையில் சீவும் தர்மேந்திரன் தேடிப் போனார். நிரையின் நடுவில், மரத்தில் சாய்ந்த மாதிரி கிடந்தார் வீரமுத்து. மாரடைப்பு. எப்போது வந்தது என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. தூக்குச்சட்டி சோறு குறையாமல் அப்படியே வீட்டுக்கு வந்தது.

"சோத்தக் காத்துச்சே, ஆளக் காக்கலியே" என்று மங்கம்மா நாயைப் பார்த்து அழுதாள். நாயின் மீது அவளுக்கு இருந்த வழக்கு அது. தன் மீது இருந்த வழக்கை யாரிடமும் சொல்லவில்லை. பத்து மணிக்கு அவர் உயிரோடு இருந்தாரா? இருந்தும் தொடவில்லையா? அப்படியானால் தான் சொன்ன சொல்லோடுதான் போயிருக்கிறார்.

பதினாறாம் நாள் கருமாதி. முற்றத்தில் இலை போட்டு நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை, அவருக்குப் பிடித்த கறுப்பு பீர் எல்லாம் வைத்தார்கள். காக்கை வந்து எடுத்தால் செத்தவருக்கு மனக்குறை இல்லை என்று அர்த்தம். மங்கம்மா பதினாறு நாளாகக் காத்திருந்தது அந்த ஒரு காக்கைக்குத்தான்.

காக்கைகள் வந்தன. முருங்கை மரத்தில் நான்கு இருந்தன. ஆனால் இலைக்கு அருகே கிராணி வந்து உட்கார்ந்துவிட்டது. இலையைத் தொடவில்லை. ஒரு காக்கை இறங்கியதும் பாய்ந்து விரட்டிவிட்டுத் திரும்ப வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது.

"சங்கிலி எங்கம்மா? கட்டிப்போட்டுரலாம்லா" என்றான் வசந்தன்.

"திங்காம காவல் காக்குது பாரேன்!" என்றது ஒரு உறவு.

தர்மேந்திரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே குடுக்காம அது திங்காது. வீட்டுல சண்ட போட்டுட்டு வர்ற அன்னிக்குத்தான் அதுக்கு விருந்து. நெரைக்கு வந்த ஒடனே மொத்தத்தையும் அதுக்குக் கொட்டிட்டு, சட்டிய ஆத்துல கழுவிருவாரு" என்றவர், மங்கம்மா நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மொத்தத்தையுமா?"

"ஆமாக்கா."

"நாப்பது வருஷமாவா?"

"நாய் வந்து ஒம்பது வருஷந்தானேக்கா. அதுக்கு முந்தி யாருக்குப் போட்டாரோ, எனக்குத் தெரியாது."

கூட்டம் சிரித்தது. மங்கம்மா சிரிக்கவில்லை. "அன்னிக்கு?" என்றாள்.

"அன்னிக்கு மூடுன சட்டி மூடுனபடிதான் இருந்துச்சு. இது பக்கத்துலயே ஒக்காந்திருந்துச்சு. நாந்தான எடுத்தேன்? இந்தா பாருங்க" என்று மணிக்கட்டில் இருந்த பல் தடத்தைக் காட்டினார் தர்மேந்திரன்.

மங்கம்மா இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்தாள். நாய்க்குக் கொட்டவில்லை. காவலுக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சாப்பிடத் திரும்பி வருகிற மனுஷன்தான் சோற்றுக்குக் காவல் வைப்பான்.

எந்தக் கோர்ட்டும் இதைச் சாட்சியாக ஏற்காது. அவள் ஏற்றாள்.

"அம்மா, சங்கிலி..."

"விடுடா. உங்கப்பா சொன்ன வேலயத்தான் பாக்குது."

சோறு காய்ந்து போகும் வரை காக்கை இறங்கவில்லை. உறவினர்கள் குறைப்பட்டுக்கொண்டே கலைந்தார்கள்.

மாதக் கடைசியில் மங்கம்மா செண்டாயானுக்குப் போனாள். வீட்டுக்காரர் மனம் மாறவில்லை, மாறியிருந்தாலும் பயனில்லை. சாமான் ஏற்றும்போது, வருவது வரட்டும் என்று மங்கம்மா லாரியில் தூக்கி வைத்த நாய், குதித்து இறங்கி நிரைக்கு ஓடிவிட்டது. இப்போது அது தர்மேந்திரன் வீட்டு நாய் என்று பேச்சு. பகலில் அங்கே யாரும் அதைப் பார்த்ததில்லை.

ஞாயிறுதோறும் வசந்தன் அம்மாவைக் காரில் தோட்டத்துக்குக் கொண்டுவந்து விடுகிறான். ஒரு காலத்தில் நாய் தொட்ட பாத்திரத்தைத் தனியே கவிழ்த்து வைத்தவள், முதல் மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு வாய் தான் உண்டு, ஒரு பிடியை மூடியில் வைத்து, "தின்னு" என்கிறாள். கிராணி முகர்ந்து பார்க்கிறது. நிரையின் கடைசி மரம் வரை பார்க்கிறது. பிறகு மூடிக்குப் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்துகொள்கிறது.

"தின்னுடா" என்கிறாள் மங்கம்மா. "அவரு வர லேட்டாவும்."