கடுகு மஞ்சள்

கடுகு மஞ்சள் துணியைத் தோளில் போர்த்தியதும் அத்தையின் முகத்தில் பத்து வயது குறைந்தது. யாருக்கு எந்த நிறம் பொருந்தும் என்று பார்த்துச் சொல்வது என் தொழில். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க நிறம் கேட்டு வந்திருந்தார். புதுத் துணியின் சாய வாசம் மூக்கில் ஏறியது.

எங்கள் ஊர் மண்ணரையில் மாமா நடத்திய பனியன் கம்பெனியிலும் இதே வாசம்தான். தீபாவளிக்கு முன்னால், ஏற்றுமதியில் கழித்த சட்டைகளை அத்தை பிள்ளைகளுக்குக் கொடுப்பார். ஒரு வருஷம் கடுகு மஞ்சளில் ஒன்றே ஒன்று இருந்தது. கை நீட்டினேன்.

"கருத்த புள்ளைக்கு மஞ்ச எடுப்பா இருக்காது கண்ணு. உனக்கு இது போதும்."

சாம்பல் நிறச் சட்டை என்மேல் வந்து விழுந்தது. தையல் மெஷினில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சள் அவர் மகளுக்குப் போனது. பள்ளி முடியும்வரை எனக்குச் சாம்பல்தான்.

"இது நல்லாருக்குதா கண்ணு?" என்றார் அத்தை, கண்ணாடியில் தோள் மஞ்சளைப் பார்த்தபடி.

மஞ்சளை உருவிவிட்டுச் சாம்பலைப் போர்த்தினேன். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்போல முகம் வெளிறியது.

"இதுதானுங்க அத்தை உங்களுக்கு எடுப்பு."

கண்ணாடியைப் பார்த்துத் தயங்கினார். "படிச்சவ, நீ சொன்னாச் சரிதான்."

கல்யாணப் போட்டோவில் அவர் பக்கத்தில் நான்தான் நிற்பேன். எனக்குக் கடுகு மஞ்சளில் பட்டு எடுத்தாகிவிட்டது.