பிரிக்காத மஞ்சள் பொட்டலம்

எல்லோரும் நலமா, கண்ணுங்களா? உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது? சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. இது கதை இல்லை. போன ஆடி மாதம், ராயபுரத்தில், பட்டப்பகலில், என் இரண்டு கண்ணால் பார்த்தது.

எங்கள் தெருவில் செங்கொடி என்று ஒருத்தி. காசிமேட்டில் மீன் விற்பவள். முப்பத்தெட்டு வயது. ஆடி பிறந்துவிட்டால் அவளும் மகள் மதியும் அம்மனுக்கு விரதம் இருப்பார்கள். முகம், கை, கால் எல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டுதான் திரிவார்கள். ஒரு வாரமாகச் செங்கொடிக்கு வாந்தி. உடம்பெல்லாம் அரிப்பு. சொறிந்து சொறிந்து நகமெல்லாம் ரத்தம். “சூடுக்கா” என்றாள். நானும் இளநீர் குடி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவுதான் என் மூளை. வியாழக்கிழமை விடியற்காலை செத்துப்போனாள்.

தெருவில் பெண்கள் இறந்தால் குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். முப்பது வருடப் பழக்கம். அருவருப்பெல்லாம் எனக்குக் கிடையாது... அன்று வரைக்கும்.

காலை 10.20. வீட்டுக்குப் பின்னால் சேலையைத் திரையாகக் கட்டி, பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். நான் தலைமாட்டில். ஈரத்துணி மூடிய உடம்பு வழுக்காமல் பிடித்துக்கொள்ள, பெஞ்சு விளிம்பில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பூவம்மா. முதல் குடம் ஊற்றினேன். தண்ணீர் மஞ்சளாக இறங்கியது. பூசிய மஞ்சள்தானே என்று சோப்புப் போட்டுத் தேய்த்தேன். இரண்டாவது குடம். இன்னும் மஞ்சள். மூன்றாவது... முன்னைவிடக் கெட்டி. கோழி அறுக்கும்போது பித்தப்பை உடைந்தால் வருமே, அந்தக் கசந்த நாற்றம். என் விரலிடுக்கில் பிசுபிசுவென்று ஒட்டியது. சாக்கடையோரம் இருந்த பூனை அதை மோந்து பார்த்துவிட்டுக் கக்கியது.

“நான் கயுவிக்கினே கீறேன், நீ பாட்டுக்கு மஞ்சா பூசிக்கினே கீறியாடி?”

“நானா? பொட்டலத்தயே இன்னும் பிரிக்கலக்கா. இதோ கீது பாரு.” முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே சொன்னாள் பூவம்மா.

பொட்டலம் படிக்கட்டில் இருந்தது. கடைக்காரர் சுற்றிய நூல்கூட அவிழவில்லை.

10.47. தலைக்கு எண்ணெய் வைக்க மதியைக் கூப்பிட்டேன். பதினைந்து வயது. அழுதுகொண்டே குனிந்தாள்.

டக்.

விரலில் நெட்டி முறித்தது போல ஒரு சத்தம்.

பூவம்மா பக்கத்திலிருந்து ஒரு கை மேலே வந்தது.

மஞ்சள் கை... நகம்கூட மஞ்சள்.

மதியின் கன்னத்தில் கட்டைவிரலை வைத்தது.

கீழ் இமையை... மெதுவாக... இழுத்தது.

உள்ளே கண்ணின் வெள்ளை... எலுமிச்சைத் தோல் மாதிரி.

கத்தினேன். கண் சிமிட்டியதும் கை இல்லை. மதியின் கன்னத்தில் கட்டைவிரல் ரேகை மட்டும், மஞ்சளாக.

அவளை வாசலுக்கு இழுத்துப் போய், வெயிலில் நிறுத்தி, முகத்தைக் கழுவினேன். ரேகை போனது. கண் மாறவில்லை. பூசுகிற மஞ்சள் கண்ணுக்குள்ளேயா போகும்? அவள் அப்பன் ரஞ்சித் குறுக்கே வந்தான்.

“ஆத்தா பொணம் உள்ள கெடக்குது, பொண்ண எங்க இஸ்துகினு போற? எடுத்தப்புறம் பாத்துக்கலாம் பெரிம்மா.”

“செத்தவ காத்துனு கெடப்பாடா. இவ கெடக்க மாட்டா. ஆட்டோவக் கூப்புடு!”

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் அதே மாதிரிதான் இமையை இழுத்துப் பார்த்தார். கெட்ட தண்ணீரால் வந்த காமாலை.

“ஈரல் கெட்டா பித்தம் ரத்தத்துல ஏறிடும்மா. நம்ம நிறத்துக்குத் தோல்ல சட்டுனு தெரியாது. மஞ்சள் வேற பூசினா சுத்தமா தெரியாது. கண்ணுலதான் பாக்கணும். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா, இவளும் இல்ல.”

பதினெட்டு நாள் படுக்கை. மதி பிழைத்துக்கொண்டாள். எனக்குத்தான் ஒரு மாதம் சாம்பாரைக் கண்டாலே குமட்டல்.

மதி வீடு திரும்பிய அன்று பூவம்மாவைக் கேட்டேன்.

“அந்தக் கை உன் மேல இடிக்கலியாடி? உன் பக்கத்துலேர்ந்துதானே வந்துச்சு?”

“எந்தக் கை?”

“செங்கொடி கைதான்.”



“இன்னாக்கா சொல்ற? அவ ரெண்டு கையும் என் மடில இருந்துச்சு. ஒடம்பு வயுக்குதேன்னு கெட்டியா அமுக்கிப் புட்ச்சினு இருந்தேன். கடைசி வரிக்கும் வுடவே இல்ல...”

உங்களுக்கும் இந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தால் கீழே எழுதுங்கள், கண்ணுங்களா. பகலிலேயே எழுதிவிடுங்கள். இருட்டிய பிறகு படிக்க எனக்குத் தைரியம் இல்லை.