இரண்டு இடதுகால் மயிலைத் தேடி

சனிக்கிழமை காலை 6.10. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் திருச்செங்கோடு வண்டியில் ஏறினோம். வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கு ஜன்னலோரத்தை விட்டுக்கொடுப்பதுதான் மரியாதை. ஆனால் கொண்டலாம்பட்டி தாண்டினாலே எனக்குக் குமட்டும் என்பதால் மரியாதையை அடுத்த பயணத்துக்கு ஒத்திவைத்து நானே ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டிக்கெட் ஆளுக்கு முப்பத்தெட்டு ரூபாய். தூரம் நாற்பத்தெட்டு கிலோமீட்டர்.

நான் புத்தகங்களில் உலகம் சுற்றியவன். ஐம்பத்து மூன்று வயதுக்குள் சகாராவை மூன்று முறை கடந்திருக்கிறேன், மூன்று முறையும் சாய்வு நாற்காலியில். வரைபடத்தில் மலாவி எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைப்பேன். மல்லசமுத்திரம் வழியாகப் பேருந்து போகும் என்பதைக் கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்தில் இருந்த சிசோமோ அந்த மலாவியிலிருந்து வந்தவன். இங்கே ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கிறான். இரண்டு வருடமாக எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறான்; அதற்குள் எங்கள் ஊர்த் தமிழும் அவனுக்கு வந்துவிட்டது. சனி, ஞாயிறு வந்தால் பையைத் தூக்கிவிடுவான். ஏற்காடு, மேட்டூர், குமாரபாளையம், வாழப்பாடிச் சந்தை என்று அவன் பார்த்துவிட்ட இடங்களில் பாதியை நான் பார்த்ததில்லை. மறுநாள் ஞாயிறு அவனுக்கு இருபத்தொரு வயது நிறைகிறது. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, “கேக்கெல்லாம் வேண்டாமுங்க. ஒரு ஆளைத் தேடோணும்” என்றான். என் மனைவி மல்லிகா உடனே என்னைக் கை காட்டினாள். “இவரைக் கூட்டிட்டுப் போ. சும்மாதான் உக்காந்து படிச்சுக்கிட்டிருக்கார்.”

விஷயம் இதுதான். அவன் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பு அவனுடைய கிராமத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஒன்று வந்தது. வந்தவர்கள் நம்ம திருச்செங்கோட்டுக்காரர்கள். இரண்டு குழி போட ஒப்பந்தம். இரண்டிலும் தண்ணீர் இல்லை. ஊர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டது. ரிக்கை ஓட்டிய இளைஞர் யாரையும் கேட்காமல் மூன்றாவதாக ஒரு குழி போட்டார். தண்ணீர் பீறிட்டது. சிசோமோவின் அம்மா சந்தோஷத்தில், வீட்டில் இருந்த ஒரே கோழியை அடித்துச் சமைத்து எடுத்துக்கொண்டு விடிந்ததும் போனார். அதற்குள் வண்டி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டது. டயர் தடத்தைப் பார்த்துக்கொண்டு குழம்புச் சட்டியோடு நின்ற கதையை அந்த அம்மா இருபத்தொரு வருடமாகச் சொல்லிவருகிறார். மகன் இந்தியாவுக்குப் படிக்கக் கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: உனக்கு இருபத்தொன்று முடிவதற்குள் அந்த மனிதருக்கு அந்தக் கோழியைச் சாப்பிடக் கொடுத்துவிடு.

நாளையோடு கெடு முடிகிறது. “ரெண்டு வருசமா என்ன பண்ணிக்கிட்டிருந்தே?” என்றேன்.

“பரீட்சைங்க” என்றான். உலகம் முழுக்க மாணவர்கள் ஒரே மொழிதான் பேசுகிறார்கள்.

காலை 7.50. திருச்செங்கோடு. மலைக் கோயிலுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டம் ஒரு பக்கம், ரிக் வண்டிகள் ஒரு பக்கம். எங்களிடம் இருந்த துப்பு இரண்டு. ஒன்று, அந்த ஆளின் பெயர். கிராமத்தில் அவரை எல்லாரும் “தம்பி” என்று அழைத்தார்களாம். முதல் ரிக் கொட்டகைக்காரர் இதைக் கேட்டுவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “ஏனுங்க, தம்பின்னு சத்தம் போட்டா இந்த ரோட்டுல போறவன் பூராத் திரும்புவான். நானே திரும்புவனுங்க.”

இரண்டாவது துப்பு ஒரு புகைப்படம். ரிக்கின் படம்கூட இல்லை. ரிக்கின் பின்புறம் ஒரு மயில் வரைந்திருந்தது. அதை அப்படியே அந்த ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் வாத்தியார் வரைந்துவைத்தார். அந்தச் சுவரின் படம்தான் சிசோமோவின் போனில் இருந்தது. ஐந்து கொட்டகை ஏறி இறங்கினோம். ஐந்திலும் டீ கொடுத்தார்கள். தகவல் கிடைக்கவில்லை. வெயில் ஏற ஏற, மனைவியிடம் சொல்லவேண்டிய சமாதானத்தை நான் மனதுக்குள் எழுதித் திருத்த ஆரம்பித்தேன்.

பகல் 1.20. ஆறாவது கொட்டகை. கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஒருவர் போனை வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “இதென்னுங்க, மயிலுக்கு ரெண்டும் எடது காலா இருக்குது?”

நான் எட்டிப் பார்த்தேன். இரண்டுமே இடது கால்தான். காலையிலிருந்து முப்பது முறை பார்த்த படம். எத்தனையோ புத்தகங்களைக் கரைத்துக் குடித்த கண் இது.

சிசோமோ குழம்பிப்போனான். “மயிலுக்கு அப்படித்தானுங்களே இருக்கும்? எங்க ஊர்ல மயில் கெடையாது. நாங்க எல்லாரும் இப்படித்தான் வரைவோம். இங்க வந்து நெசமான மயிலைப் பாத்தப்ப, அதுக்குத்தான் கால்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சனுங்க.”

கொட்டகையே சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆனது. கிரீஸ் கைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இது பெயிண்டர் அர்த்தநாரி அடிச்சதுங்க. நாமக்கல்லுல லாரிக்குப் பாடி கட்டற பட்டறையில இருக்கான். இந்த மயில வச்சு அவன எத்தன வருசம் ஓட்டியிருக்கறோம்! இன்னைக்குப் பெருமாள் கோயிலுக்குப் போயிருப்பான். நாளைக்குக் காத்தால போங்க, இருப்பான்.”

ஞாயிற்றுக்கிழமை காலை 5.30. மாடியிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை. ஏறிப் பார்த்தால் பிறந்தநாள்காரன் கோழி சமைத்துக்கொண்டிருந்தான். தக்காளி, வெங்காயம், உப்பு, அவ்வளவுதான். மிளகாய்த்தூளைக் கண்ணில்கூடக் காட்டவில்லை.

“ஆளே இன்னும் கிடைக்கலையேப்பா” என்றேன்.

“அம்மாவும் ஆள் இருக்காரான்னு பாத்துட்டுச் சமைக்கலீங்க.”

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. புரட்டாசி மாதம் எங்கள் வீட்டில் கறி கிடையாது, முட்டை கிடையாது. அவை பட்ட பாத்திரமும் சமையலறைக்குள் வராது. மல்லிகா மாடிப்படியின் கீழே நின்று தீர்ப்புச் சொன்னாள்: “அவன் சமைக்கட்டும், பொறந்தநாளு. ஆனா என் போசியைத் தொடக் கூடாது.” கைப்பிடியும் மூடியும் வைத்த தூக்குப்போசி ஒன்றைப் பக்கத்துத் தெருக் கடைக்காரரை எழுப்பி இருநூற்று நாற்பது ரூபாய்க்கு வாங்கினோம்.

காலை 7.15. நாமக்கல் பேருந்து. ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். போசி என் மடியில். முன் இருக்கையில், கூடை நிறையத் துளசி மாலை வைத்திருந்த அம்மா ஒருவர் ராசிபுரம் பிரிவு தாண்டியதும் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பினார். “ஏனுங்க, புரட்டாசில வண்டிக்குள்ள என்னமோ கறி வாசம் வருது?”

“அப்படியாங்க?” என்று நானும் சுற்றிலும் தேடினேன். வாழ்நாளில் நான் செய்த ஒரே நடிப்பு அது. அந்த அம்மா நம்பவில்லை.

காலை 8.50. நாமக்கல். புறவழிச்சாலையை ஒட்டிய பட்டறையில், பாதி எலும்புக்கூடாக நின்ற ஒரு லாரியின் நெற்றியில் அர்த்தநாரி தாமரை வரைந்துகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். போனை நீட்டினோம். தூரிகை நின்றது.

“அட, யாரு சாமி இத உங்ககிட்டக் குடுத்தது? திருச்செங்கோட்டுக்காரனுங்க அனுப்புனானுங்களா?”

கிண்டல் செய்ய வரவில்லை என்று நம்பவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சொன்னார்: “அட்டைய வெட்டி வச்சு அதும்மேல அடிக்கறதுங்க. ஒரு காலு அடிச்சுட்டு அட்டையத் திருப்பிப் போடோணும். அன்னைக்கு மறந்துட்டன். ஓனரு பாத்துட்டு, போனாப் போவுது, கப்பல்ல ஏறப்போற வண்டி, அங்க எவன் மயில் காலப் பாக்கறான்னு அனுப்பிட்டாரு.”

சிசோமோ போனில் இன்னொரு படத்தைக் காட்டினான். அவனுடைய பள்ளிக் கால்பந்து அணி. பதினொரு பையன்கள், பதினொரு சட்டைகள், ஒவ்வொரு சட்டையிலும் அந்த மயில். “மாவட்டக் கோப்பை மூணு தடவை ஜெயிச்சிருக்கறோமுங்க” என்றான்.

அர்த்தநாரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “ரெண்டும் எடது கால வச்சுக்கிட்டா?”

“ஆமாங்க.”

பட்டறை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். “டேய், வந்து பாருங்கடா! என் மயிலு கோப்பை வாங்கியிருக்குது!” எல்லாரும் வந்தார்கள். பதினொரு மயிலையும் எண்ணிக் காட்டினார். பிறகுதான் நாங்கள் வந்த காரியம் அவர் காதில் ஏறியது. “தம்பியா? குழந்தைவேலுங்க அது. அந்த ரிக்குல போனவன் அவந்தான். புதுச்சத்திரத்துல பண்ணை வச்சிருக்கான்.”

“என்ன பண்ணைங்க?”

“கோழிப்பண்ணை.”

நான் கையில் இருந்த போசியைப் பார்த்தேன். நாமக்கல் மாவட்டத்தில் ஒரு கோழிப்பண்ணைக்காரருக்குக் கோழி கொண்டுபோகிற முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

பகல் 12.10. பக்கத்துப் பட்டறைகளுக்கும் மயிலைக் காட்டி முடித்து அர்த்தநாரி எங்களை விடும்போது மணி பதினொன்று. நாமக்கல்லிலிருந்து புதுச்சத்திரம் பதினாறு கிலோமீட்டர், டிக்கெட் பதினெட்டு ரூபாய். நெடுஞ்சாலையில் இறங்கி, கூண்டு கூண்டாகக் கோழிச் சத்தம் வந்த திசையில் ஒரு கிலோமீட்டர் நடந்தோம். தீவன மூட்டைகளுக்கு நடுவே நாற்பத்தெட்டு வயதுத் “தம்பி” நின்றுகொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். மூன்றாவது குழி என்றதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“நூத்தித் தொண்ணூறு அடிங்க. மொத ரெண்டும் வெறும் மண்ணுப் பொகைதான், தண்ணியில்ல. ஒரு அம்மா வயித்துப் புள்ளையோட தெனமும் கொடத்தத் தூக்கிட்டு ரிக்கத் தாண்டிப் போவும். ஒரு வார்த்தை பேசாது. அதும் மொகத்தப் பாத்துட்டு வண்டிய எடுக்க முடியலீங்க. டீசல் கொஞ்சம் மிச்சமிருந்துச்சு. ஓனரு வேற நாட்டுல இருந்தாரு. போட்டுட்டன்.”

“அந்த வயித்துல இருந்தது நானுங்க” என்றான் சிசோமோ.

குழந்தைவேலு அவனை உச்சி முதல் கால் வரை அளந்தார். அவன் ஆறடி இரண்டு அங்குலம். “இத்தன பெருசாவா இருந்தே?” என்றார்.

சிசோமோ போசியைத் திறந்து நீட்டினான். அதற்குள் அவர் மனைவி சரசு வீட்டிலிருந்து வந்துவிட்டார். கதையைக் கேட்டார், கண் கலங்கினார், போசிக்குள் எட்டிப் பார்த்தார். உடனே இரண்டடி பின்னால் போனார்.

“ஐயோ சாமி, புரட்டாசிங்க. இவரு பதினஞ்சு வருசமா இந்த மாசம் தொடறதில்ல. பன்னெண்டாயிரம் கோழிக்கு நடுவுல நின்னாலும் ஒரு முட்டைகூட வாயில வெக்க மாட்டாரு. அடுத்த மாசம் வாங்க, நானே ஆக்கிப் போடறன்.”

சிசோமோ போசியை மூடவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் அம்மா அன்றைக்கு எப்படி நின்றிருப்பார் என்று எனக்குத் தெரிந்தது. இன்று விட்டால் கெடு போச்சு. விரதத்தை மீறச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டிலேயே அதே சட்டம்.

குழந்தைவேலுதான் பேசினார். “சாமி, உங்கம்மா அந்தக் கோழிய எந்த மாசம் ஆக்குச்சு?”

“ஜூன் கடைசிங்க.”

அவர் விரல் விட்டு எண்ணினார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். “அப்ப இது ஆனி மாசத்துக் கோழி. எனக்குன்னு ஆனியில ஆக்குனது. வந்து சேரத்தான் நேரமாயிருச்சு. புரட்டாசிக்கும் இதுக்கும் என்ன இருக்குது?”

சரசு யோசித்தார். நீதிமன்றக் கதைகளில் நான் வாசித்த எந்தத் தீர்ப்புக்கும் இவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. கோழிகள்கூடக் கொஞ்சம் அடங்கினமாதிரி இருந்தது.

“ஆனிக் கோழின்னாச் சாப்பிடலாமுங்க” என்றார் கடைசியில். “ஆனா ஊட்டுக்குள்ள வேண்டாம். வேப்ப மரத்தடியில உக்காருங்க. நான் எலை கொண்டாரன்.”

பகல் 12.45, மலாவியில் காலை 9.15. வேப்ப மர நிழலில் வாழையிலை. எதிரே சிசோமோ போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாதா கோயிலுக்குக் கிளம்பி, தலையில் துணி கட்டிய ஓர் அம்மா திரையில் தெரிந்தார். குழந்தைவேலு எழுந்து கும்பிட்டார். அந்த அம்மா படபடவென்று ஏதோ சொன்னார். சிசோமோ சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான்: “உக்காரச் சொல்றாங்க. என்னைய உங்க பக்கத்துலயே நிக்கச் சொல்றாங்க. இந்த ஆளு சாப்பிடறதுக்குள்ள கெளம்பிருவாரு, விட்டுறாதேங்கறாங்க.”

அவர் கிளம்பவில்லை. எலும்பு வரை சாப்பிட்டார். உப்பு எப்படி என்று அங்கிருந்து கேள்வி வந்தது. “கொஞ்சம் கம்மிங்க” என்று உண்மையைச் சொன்னார். அதை மகன் மொழிபெயர்த்ததும் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பின்னால் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர்களும் சிரித்தார்கள். எனக்குத் தயிர்ச்சோறு வந்தது. ஆனிக் கோழியில் எனக்குப் பாத்தியதை இல்லை.

பகல் 3.00. கிளம்பும்போது குழந்தைவேலு ஓர் அட்டை முட்டையை என் கையில் வைத்தார். முப்பது. “இருவத்தொண்ணு அவன் வயசுக்குங்க. மிச்சம் ஒம்பது வர்ற வருசங்களுக்கு.”

புதுச்சத்திரத்திலிருந்து சேலம் முப்பத்தாறு கிலோமீட்டர். முப்பது முட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு நின்று நின்று போகும் பேருந்தில் அந்தத் தூரத்தைக் கடந்தவன் நான். ஒன்றுகூட உடையவில்லை. குமட்டலும் இல்லை. இந்த முறை ஜன்னலோரத்தைச் சிசோமோவுக்குக் கொடுத்திருந்தேன். அவன் ஒருமுறைகூட வெளியே பார்க்கவில்லை. காலிப் போசியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனான்.

மாலை 4.40. வீடு. மல்லிகா வாசலிலேயே நின்றாள். “கெடைச்சாரா?”

“கெடைச்சார்.”

“சாப்பிட்டாரா? புரட்டாசி ஆச்சே?”

வேப்பமரத் தீர்ப்பை ஒரு வரி விடாமல் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே சிசோமோ கையிலிருந்து போசியை வாங்கி, வெளிக்குழாயில் கழுவி, நேராகச் சமையலறைக்குள் கொண்டுபோய்த் தன் பாத்திரங்களுக்கு நடுவே கவிழ்த்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சரி, சட்டம் தளர்ந்துவிட்டது என்று முட்டை அட்டையோடு நானும் பின்னாலேயே நுழையப் போனேன்.

“எங்க வர்றீங்க?” என்றாள். “போசி ஆனி மாசத்துது. முட்டை இன்னைக்கு இட்டது. மேலயே கொண்டு போய் வைங்க.”