மண் திரும்பி வராத கோடை

கோடையில் ‘கச்சான்’ காற்று வீசத் தொடங்கும் மாதங்களில் எங்கள் வீட்டுக் கடற்கரை மணல், நண்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் வெறுங்காலோடு தாண்ட முடியாதபடி கொதிக்கும். எனக்கு மூத்தவளான ராத்தாவும் நானும் அடம்பன் கொடிகளின் மேல் கால் மாற்றி வைத்து ஓடி, ஈரக் கரையை எட்டும்போது மூச்சு வாங்கும். அவ்வளவு அகலம். மாரியில் கடல் அந்த மணலையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும், வேலியடிவரை நுரை வரும். வாடைக் காற்று அடங்கியதும் எடுத்ததைக் கடலே கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து போடும். மழையையும் வெயிலையும் போல இதுவும் எங்களுக்கு இயல்பாக இருந்தது.

மணல் திரும்பிய பிறகுதான் ஆமை வரும். கரைவலைக்குப் போகும் என் வாப்பா, விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வரும் வழியில், உழவு இயந்திரத்தின் சில்லு போன தடம்போலக் கிடக்கும் அதன் சுவட்டைக் காலால் கலைத்துவிட்டு, நாய் தோண்டாதபடி முட்டைக் குழியின் மேல் முள்ளைப் பரப்புவார். “இது பொறந்த இடம் மகள். எங்க போனாலும் முட்ட போட இஞ்சதான் வரும்” என்பார்.

வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சுனாமி அள்ளிப்போன இடத்திலேயே வாப்பா மறுபடி கட்டிய வீடு ராத்தாவுக்கு. அதை நம்பித்தான் அவளுக்குக் கல்யாணமும் பேசியிருந்தார்கள்.

எனக்குப் பதினொரு வயதான மாரியில் போன மணல், கோடையில் வரவில்லை. தெற்கே கடலுக்குள் போட்ட கல்லணை மணலை மறிக்கிறது என்றார்கள் சிலர். கடலே உயர்கிறது என்றார்கள் சிலர். “பிந்தி வரும், பொறுங்க” என்றார் வாப்பா. அடுத்த மாரியில் தென்னைகள் வேர் தெரியச் சாய்ந்தன. உம்மா தினமும் அடுப்படிக் குசினியின் கதவைத் திறந்து, மிச்சம் நின்றவற்றை எண்ணிப் பார்ப்பார்.

“இஞ்ச பாருங்க, நாலுதான் நிக்கிது. இன்னும் பொறுக்கணுமா?”

“ஓம். சுனாமியே வந்துட்டுப் போனதுதானே.”

“அது வந்துட்டுப் போன கடல். இது போகாத கடல்.”

கிணறு உவர்த்தது. பிறகு கடலரிப்பைத் தடுக்கவென்று லொறிகளில் கருங்கல் கொண்டுவந்து கரை நெடுகக் கொட்டினார்கள். அந்தக் கோடையில் ஒரு விடியலில் வாப்பா பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். கற்களுக்கு நடுவே ஓர் ஆமை சிக்கிக் கிடந்தது. ஏறுவதற்கு மணல் இல்லாமல் அங்கேயே முட்டைகளை இட்டிருந்தது. உடைந்தவற்றின் மஞ்சளை அலை கழுவிக்கொண்டிருந்தது. எங்கள் இருவராலும் தூக்க முடியவில்லை. வாப்பா அயலாட்களைக் கூட்டி வந்து, கயிறு போட்டு இழுத்து, அதைக் கடலில் விட்டார். உடையாத முட்டைகளைச் சட்டை மடியில் பொறுக்கிக்கொண்டு நான் கேட்டேன்:

“எங்க புதைக்கிற வாப்பா?”

அவர் கடலைப் பார்த்தார், திரும்பி வீட்டைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு முழ மணல்கூட இருக்கவில்லை.

“இனி மண் வராது மகள்” என்றார்.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, கடல் கொண்டுபோகுமுன் அவரே கூரையில் ஏறி ஓடுகளைக் கழற்றத் தொடங்கினார். மாப்பிள்ளை வீட்டார் சண்டை பிடிக்கவில்லை. வருவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். ராத்தா ஓடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை.

இன்று நான் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நீர்வட்டமும் பருவக் காற்றுகளும் புத்தகத்தில் அம்புக்குறிகளோடு, தொடங்கிய இடத்துக்கே அழகாகத் திரும்பி வருகின்றன. உயிரினங்கள் காலப்போக்கில் மாறுவதைச் சொல்லும் கூர்ப்புப் பாடத்தின்போது, ஆமைகளைப் பற்றிப் பேச்சு வர, ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், கர இல்லாட்டி ஆம வேற மாதிரி வாழப் பழகாதா?” பல்லாயிரம் தலைமுறை கிடைத்தால் பழகக்கூடும் என்றேன். அந்த ஆமைக்குக் கிடைத்தது இரண்டே கோடை என்பதைச் சொல்லவில்லை.

எங்கள் வளவு இருந்த இடத்தில் இப்போது தோணி ஓடுகிறது. சவளக்கடைப் பக்கம், வயலோர வாடகை வீடொன்றில் இருக்கிறோம்; உம்மா இப்போது இல்லை, மௌத்தாகிவிட்டார், ராத்தா தைக்கிறாள், அதற்குப் பிறகு அவளை யாரும் பெண் கேட்டு வரவில்லை. ஒவ்வொரு வருடமும் வாடை அடங்கியதும் வாப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கடலடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இந்த வருடம் போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“போய் எதப் பாக்கிற மகள்?” என்றார்.

ராத்தா தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.