மதினி அழுத பாட்டு

அண்ணன் இறந்த அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் வாசற்படி ஏறவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் வேப்பமர நிழலில் நின்றார்கள். பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடியிருந்தார்கள். வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால், எங்கள் வீட்டில் ஏதோ வழக்கு நடக்கிறது, தீர்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்.

அண்ணன் லாரி டிரைவர். ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போவான். உறவில் எந்தக் கல்யாணம் என்றாலும் விருந்துக்கான காய் மூட்டைகள் அவன் வண்டியில்தான் வந்து இறங்கும். தொண்ணூறுகளின் கடைசியில் அவனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. பிறகு வயிற்றுப்போக்கு. பெரிய உடம்புக்காரன், பாயோடு பாயாகிப் போனான். மதுரை ஆஸ்பத்திரியில்தான் அந்த நோயின் பெயரைச் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எழுதியிருந்த பெயர், ரேடியோவில் தினமும் கேட்ட பெயர். எங்கள் வீட்டுக்குள் மட்டும் அதை ஒருவரும் உச்சரிக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மஞ்சள் காமாலை என்று அப்பா சொன்னார். ஊர் நம்பவில்லை.

அப்பா மறைத்ததற்கு நானும் ஒரு காரணம். பாலசமுத்திரத்தில் எனக்கு மாப்பிள்ளை பேசி, பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அம்மா கஞ்சி காய்ச்சுவாள். கிண்ணத்தை அறை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். உள்ளே எடுத்துப் போய் ஊட்டுவதும், துடைத்துவிடுவதும், துணி அலசுவதும் மதினிதான். கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. அதிகம் பேசாதவள். நான் உதவப் போனால், "நீ தள்ளிப் போ பாப்பா, கல்யாணப் பொண்ணு" என்று கதவைச் சாத்துவாள்.

விடியும்போது அண்ணன் உயிர் பிரிந்தது. வெயில் ஏறியதும் பாலசமுத்திரத்திலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து கூட்டத்தோடு நின்றார். அப்பா உள்ளே வந்து மதினியின் பக்கத்தில் குனிந்தார்.

"ஏத்தா, அழுகையில வாய்க்கு வந்ததச் சொல்லிப்புடாத. மாப்பிள்ளை வீட்டுக்காரக நிக்கிறாக. பாப்பா வாழ்க்கை."

மதினி நிமிராமலே, "சரி மாமா" என்றாள்.

எங்கள் பக்கம் ஒரு சாவு என்றால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டுதான் ஒப்பாரி வைப்பார்கள். அன்று கட்டிக்கொள்ள யாரும் வரவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து, கண்ணீர்கூட இல்லாமல் அண்ணனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்குவதற்குச் சொல்லி வைத்திருந்த பங்காளிகள் ஒவ்வொருவராகக் கடைப்பக்கம் நழுவினார்கள். வீட்டில் அவ்வளவு அமைதி. அந்த அமைதியில் மதினி தன்னந்தனியாகத் தொடங்கினாள்.

சத்திரத்துச் சந்தையில
சரக்கேத்தி வந்தவரே
ஊருக்கெல்லாம் காய்கொடுத்து
ஒத்தையில படுத்தவரே

கல்யாண வீட்டுக்கெல்லாம்
காய்மூட்ட எறக்குனீக
கடைசியா ஒங்களத்தான்
கைதூக்கக் காணலியே

வேப்பமரத்தடியில் பேச்சு நின்றது. ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மதினியின் குரல் ஏறியது.

பேருசொல்லாக் காய்ச்சலுன்னு
பேசுறாக வாசலில
பேரச்சொல்லி நானழுதா
பெத்தவுக தாங்குவாகளா

அப்பா வாசலிலிருந்து விறுவிறுவென்று உள்ளே வந்தார். அவளை நிறுத்தத்தான் வந்தார். சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். இவ்வளவு பேர் ஊமையாக நிற்கும்போது ஒருத்தியாவது சொல்லித் தொலைக்கட்டும் என்றும் இருந்தது. அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அண்ணனின் முகத்தைத்தான் பார்த்தாள்.

ஒங்க காய்ச்சல் எனக்குமுன்னு
ஒருத்தருக்கும் சொல்லலியே
ஒங்களுக்கு நானிருந்தேன்
எனக்காரு இருப்பாக

அப்பா பாதி வழியில் நின்றுவிட்டார்.

எங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவளுக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, அடுத்த வேளைக் கஞ்சியை அவனுக்கு ஊட்டியிருக்கிறாள்.

அம்மா எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்ததால் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். மதினியின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து அவள் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டாள். மதினி உதறிக்கொள்ளப் பார்த்தாள். "வேணாம் அத்தை, வேணாம்" என்றாள். அம்மா விடவில்லை. அதன்பிறகுதான் அம்மாவுக்கு அழுகை வந்தது.

பெத்தவ நான் தள்ளிநின்னேன்
பெறத்தியா நீ தாங்கிநின்ன
தொட்டுத்தொடச்ச கையிதுக்கு
தோளுதர நானிருக்கேன்

நானும் போய் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். மதினியின் கழுத்து நெருப்பாகச் சுட்டது. காய்ச்சலோடுதான் அவள் இத்தனையும் செய்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைப் பக்கம் நடந்தார். அப்பா அவரைக் கூப்பிடவில்லை.

சற்று நேரத்தில் அண்ணனோடு ஓட்டிய டிரைவர்கள் நாலைந்து பேர் சந்தையிலிருந்து வந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததுமே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. மூத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்தார்.

"ஏனுங்க, நேரமாகுதுங்களே. நாங்க தூக்கிக்கிறமுங்க."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அவர்கள் அண்ணனைக் குளிப்பாட்டினார்கள், வேட்டி கட்டிவிட்டார்கள், தூக்கினார்கள். தெருவில் இறங்கியதும் எதிர்வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் ஓடிவந்து தோள் கொடுத்தார். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

காரியம் முடிந்ததும் மதினியை அழைத்துப் போக அவளுடைய அண்ணன்மார் வந்தார்கள். வாசலில் நின்றபடியே, வீட்டுக்குப் பின்னால் தனியாக ஓர் அறை ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். அம்மா மதினியின் பெட்டியை அவர்கள் கண் முன்னாலேயே உள்ளே எடுத்துப் போய் வைத்துவிட்டு வந்தாள். "அவ எங்கயும் வரல. சாப்ட்டுப் போங்கப்பு" என்றாள். அவர்கள் சாப்பிடவில்லை.

பாலசமுத்திரத்துச் சம்பந்தம் முறிந்தது. எனக்குச் சில வருஷம் கழித்து, எல்லாம் தெரிந்த ஒருவரோடு கல்யாணம் நடந்தது.

அந்த வருஷங்களில் மதினி இரண்டு முறை சாவின் விளிம்புவரை போய்வந்தாள். பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவள் உடம்பில் மெல்லச் சதை பிடித்தது. அன்று அழுத பாட்டை ஒருமுறை கேட்டேன், எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று.

"அழுகையில வந்தது. இப்ப கேட்டா வருமா?" என்றாள்.

ஆகவே மேலே இருப்பது என் நினைவில் தங்கியதுதான். அம்மாவுக்கு வேறு வரிகள் ஞாபகம் இருக்கின்றன. மதினி இரண்டையும் சரியென்றும் சொல்வதில்லை, தப்பென்றும் சொல்வதில்லை. ஒருநாள் மதுரையிலிருந்து மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள், "பசிக்குது பாப்பா. எறங்குனதும் ஏதாச்சும் சாப்பிடுவோம்" என்றாள்.