தவளைப் பாய்ச்சலுக்கு இருபத்திரண்டு பேர்

முப்பிடாதி ஓடினால் மட்டாஞ்சேரி ஆட்டோக்காரர்களே வழிவிடுவார்கள். வாயைத் திறந்தால்தான் கஷ்டம். பக்கத்தில் நிற்பவருக்கே இரண்டு தடவை சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவள் போய் உடற்கல்வி டீச்சர் ஆவேன் என்று பள்ளுருத்திப் பக்கத்துச் சின்னக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். மொத்தமே பதினேழு பேர் படிக்கும் கல்லூரி. மைதானத்தில் பாதியை முதல்வரின் கார் எடுத்துக்கொள்ளும்.

பாடம் நடத்திக் காட்டும் தேர்வில் இரண்டு முறை தோற்றாள். இரண்டு முறையும் அவள் சொன்னது பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை. மூன்றாவதிலும் தோற்றால் படிப்பை மூட்டை கட்ட வேண்டியதுதான். அதற்காகவே புது விசில் ஒன்று வாங்கிக் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

தேர்வன்று பார்த்து ஹர்த்தால். பள்ளிக்கூடம் பூட்டு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில். திருப்பூணித்துறையிலிருந்து தேர்வாளர் மட்டும் விடிகாலையிலேயே பைக்கில் வந்துவிட்டார். வகுப்பு இல்லையென்றால் மதிப்பெண்ணும் இல்லை என்று கையை விரித்தார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் அப்பாவின் பெயர் பிச்சை; மகள் அழுவது அவருக்குப் பொறுக்கவில்லை. மிளகுக் கிடங்கில் சுமை தூக்குகிறவர். கூட்டாளிகள் லோடு இல்லாமல் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவரோடு சேர்த்து இருபத்திரண்டு பேர். அத்தனை பேரையும் கிடங்கு முற்றத்துக்கு ஓட்டிவந்து, ஆறாம் வகுப்பு ரெடி என்று மகளையும் தேர்வாளரையும் அங்கே வரவழைத்தார். ஆள் இருந்தால் சரி என்று தேர்வாளரும் ஒத்துக்கொண்டார்.

பாடக் குறிப்பில் தவளைப் பாய்ச்சல் என்றிருந்தது. எழுதியதை மாற்றக் கூடாது என்றார் தேர்வாளர். ஐம்பது வயதுக்காரர்கள் கைலியை மடித்துக் கட்டிக் குந்தினார்கள்; குந்தும்போதே ஒருவருக்கு முட்டி சொடக்குப் போட்டது. முப்பிடாதி மூச்சை இழுத்து விசிலை ஊதினாள்.

இருபத்திரண்டு தவளைகளும் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டன.

அந்தக் கிடங்கில் விசில் ஊதினால் சாயா நேரம். அது அவளுக்குத் தெரியாது. இருபது வருஷப் பழக்கம், காதில் விழுந்ததும் கால் நடந்துவிடும். ஹர்த்தாலுக்குச் சாயாக்கடையின் முன்கதவு அடைப்பு என்றாலும் பின்கதவு அவர்களுக்குத் தெரியும். தேர்வாளர் மதிப்பெண் தாளில் ‘வகுப்பைக் கட்டுப்படுத்துதல்’ என்ற இடத்தில் பேனாவை வைத்தார். ஆனால் அவரும் காலையிலிருந்து சொட்டுச் சாயா காணாத மனிதர். பேனாவை மூடிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனார்.

காலி முற்றத்தில் நின்ற முப்பிடாதிக்கு முதலில் வெட்கம், அப்புறம் வந்தது பாருங்கள் கோபம். விசிலைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடையின் பின்வாசலில் போய் நின்றாள்.

“பாடம் இன்னும் தீரல. ஒரு ஆளும் சாயா குடிக்கண்டாம். அப்பாவும் சரி, சேட்டன்மாரும் சரி, எல்லாத்தையும் வெச்சிட்டு வரிசைக்கு வாங்க.”

கடைக்காரர் கையிலிருந்த வடிகட்டி கீழே விழுந்தது. வாயில் இருந்ததை விழுங்கக்கூட நில்லாமல் எல்லோரும் முற்றத்துக்கு ஓடி அவரவர் இடத்தில் குந்தினார்கள். இவ்வளவு சத்தம் தனக்குள் எங்கே கிடந்தது என்று அவளுக்கே புரியவில்லை.

கடைசியாக வந்தவர் தேர்வாளர். பேன்ட்டை முட்டிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, “நான் எங்க நிக்கணும் டீச்சரே?” என்று கேட்டார்.

அதுவரை அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

“கடைசி வரிசை,” என்றாள்.